செட் முழுசா இருக்கா?

அவளுக்குச் செட்டக்கா என்று பேர் வைத்தது கூரியர்காரர். பழைய விளையாட்டுச் சாமான், பழைய குழந்தைப் புத்தகம் விலைக்கு இருக்கிறது என்று யார் போன் செய்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "செட் முழுசா இருக்கா?" வீடு காலி செய்கிற பரபரப்பில் இருப்பவர்களுக்கு எரிச்சல் வரும். "ஏம்மா, என் மூக்குக்கண்ணாடி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல, பகடை எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள். செட்டக்கா அசரமாட்டாள். "சோபாவுக்கு அடியில கையை விட்டுப் பாருங்க சார்." பாதி நேரம் அங்கேதான் இருக்கும்.

தொழில், கேட்பதற்குச் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரிதான் இருக்கும். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளிலும் பழைய பேப்பர் கடைகளிலும் கிடைக்கிற புத்தகம், பொம்மைகளை மொத்தமாக வாங்கி வருவது, சுத்தம் செய்வது, போட்டோ எடுத்து இணையத்தில் போட்டு லாபம் வைத்து விற்பது. செய்து பார்த்தால்தான் தெரியும் இடுப்பு ஒடிகிற கதை. புத்தகத்தில் இருக்கிற பென்சில் கிறுக்கலைத் தாள் கசங்காமல் ரப்பரால் அழிக்கணும். அட்டையில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தால் முடி உலர்த்துகிற மெஷினால் சூடு காட்டி, பசை இளகினதும் நகத்தால் மெல்லத் தூக்கணும். கார் சக்கரத்தில் சிக்கின தலைமுடியைப் பழைய பல் பிரஷால் எடுக்கணும். துணிப் பொம்மைகளைத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டித்தான் வாஷிங் மெஷினில் சுற்றவிடணும். இல்லாவிட்டால் கண்ணும் மூக்கும் தனித்தனியாக வெளியே வரும். எல்லாம் முடிந்தபின் ஜன்னலோரம் வெள்ளைப் போர்வையை விரித்து, காலை வெளிச்சத்தில் போட்டோ.

இவ்வளவு பாடுபட்டும் ஒரு துண்டு குறைந்தால் போச்சு. நூறு துண்டுப் படப்புதிரில் ஒன்று இல்லையென்றால் அதைச் சீந்த ஆளில்லை. அப்படிக் குறைந்தவை எல்லாம் மூலை அலமாரிக்குப் போகும். என்றைக்காவது அதே ஆட்டத்தின் இன்னொரு டப்பா கிடைத்தால் இதிலிருந்து எடுத்து அதை நிரப்பலாம் என்று ஒரு நப்பாசை. அந்த வீட்டில் வந்த சாமானில் நிலையாகத் தங்கியது என்றால் மூலை அலமாரியில் கிடந்தவைதான். மற்றதெல்லாம் வந்த வேகத்தில் வெளியே போய்விடும்.

வீட்டில் மூன்று பேர். செட்டக்காவின் புருஷன் கதை ஒரு வரிதான்: லாரி ஓட்டப் போனான், போன இடத்திலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். அதற்குமேல் அவனைப் பற்றிப் பேசினால் அவளுக்குப் பிடிக்காது, நமக்கெதற்கு வம்பு. அவன் விட்டுப்போன அதே வருஷம்தான் தங்கச்சிக்காரி வந்து சேர்ந்தாள். வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடிவிட்டார்கள். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்க்கா" என்று ஒரே ஒரு பையோடு வந்தவள், கைக்குழந்தையை அக்கா தோளிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அந்த ரெண்டு நாள் முடியவே இல்லை.

அக்கா வெளியே அலைந்து சரக்கு வாங்கி வருவாள். தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து எண்ணுவாள். டப்பா வந்த அன்றைக்கே தரையில் கொட்டி, பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணி, முழுசாக இருந்தால் மேலே பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிடுவாள். பச்சை இருந்தால் அக்கா திரும்ப எண்ணுவதில்லை. ஆர்டர் வந்ததும் டேப் சுற்றி அனுப்ப வேண்டியதுதான். தங்கச்சி மேல் அவ்வளவு நம்பிக்கை.

மூன்றாவது ஆள் பாப்பா. நாலாவது படிக்கிற பெண். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் அன்றைக்கு மழை வரும். அதனாலேயே சித்தி அவளை "வாயாடி" என்று கூப்பிடுவாள். பாப்பா பாட்டுக்கு உம்மென்று உட்கார்ந்திருக்கும்போது, "அடியே வாயாடி, கொஞ்சம் நிறுத்து, எனக்குக் காது வலிக்குது" என்பாள். பாப்பாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

வீடு முழுக்கப் பொம்மை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாப்பாமேல் வயிற்றெரிச்சல். ஆனால் அத்தனையும் சரக்கு, தொடக்கூடாது. "என் பொண்ணு இதுவரைக்கும் எனக்கு இது வேணும்னு வாயைத் திறந்து கேட்டதில்ல" என்று செட்டக்கா எல்லாரிடமும் பெருமையடிப்பாள். பெருமைப்பட வேண்டிய விஷயமா அது? யாராவது அப்போதே நறுக்கென்று கேட்டிருக்கலாம்.

புத்தகம் மட்டும் படிக்க அனுமதி உண்டு, விரிக்க அனுமதி கிடையாது. விரித்தால் முதுகில் கோடு விழும், கோடு விழுந்தால் விலை குறையும். பாப்பா விரல் நுழைகிற அளவுக்குத் திறந்து, அந்த இடுக்கு வழியாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படிப்பாள். ஒருநாள் பள்ளிக்கூடத்து டீச்சர் கூப்பிட்டனுப்பினார். "உங்க பொண்ணுக்குக் கண்ணுல ஏதோ கோளாறு இருக்கும்போல. புத்தகத்தைத் திறக்கவே மாட்டேங்கறா. எட்டிப் பார்த்துப் படிக்கறா." கண் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். செட்டக்கா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தங்கச்சி சிரிக்கவில்லை.

ஒரே ஒரு தரம் பாப்பா கை வைத்தாள். கடையிலிருந்து வந்த மாதிரியே உறை பிரிக்காமல் இருந்த கப்பல் விளையாட்டு ஒன்று. அந்தக் கண்ணாடித்தாளைக் கிழித்துவிட்டாள். உறை போனால் பாதி விலை. செட்டக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தது. கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. அறைந்த கையோடு அன்றைக்கு முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை, அது வேறு விஷயம். பிள்ளைக்கு என்ன தெரியும், அறை அறைதானே.

அதற்கப்புறம்தான் சித்தியும் பாப்பாவும் ஒரு திருட்டு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். பள்ளி விட்டு வந்ததும் அக்கா சரக்கு வாங்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, பச்சை ஸ்டிக்கர் டப்பா ஒன்றை மெல்லத் திறப்பார்கள். விளையாடுவார்கள். சித்தி கூசாமல் ஏமாற்றுவாள். பாப்பா பேச்சில்லாமல் சித்தியின் கையைப் பிடித்து, நகர்த்தின காயைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைப்பாள். கேட் சத்தம் கேட்டதோ இல்லையோ, எல்லாம் டப்பாவுக்குள். செட்டக்கா உள்ளே வரும்போது ஒருத்தி புத்தகத்தை ரப்பரால் தேய்த்துக்கொண்டிருப்பாள், இன்னொருத்தி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புகார்கள் வர ஆரம்பித்தன. முயல் ஓட்டப்பந்தயத்தில் ஒரு முயல் இல்லை. விலங்குப் புதிரில் நிலா இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. முதல் புகாருக்குச் செட்டக்கா மன்னிப்புக் கேட்டாள். அடுத்ததற்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். சாமான் திரும்பி வந்தது, மூலை அலமாரிக்குப் போனது. பிறகு வாரத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. "பச்சைப் பொய்க்காரி, எண்ணிச் சரிபார்த்தேன்னு எழுதுறா, பாதி சாமான் காணோம்" என்று அவளுடைய இணையக் கடைப் பக்கத்தில் எவனோ எழுதிவைத்தான். இன்னும் சில புகார் வந்தால் கடைப் பக்கத்தையே மூடிவிடுவோம் என்று இணையதளக்காரர்களிடமிருந்து தகவலும் வந்துவிட்டது. அந்தப் பக்கத்தை மூடிவிட்டால் வாடகை, பள்ளிக்கூடம், சாப்பாடு எல்லாம் போச்சு.

"நீ எண்ணித்தானே ஒட்டறே?" என்று தங்கச்சியைக் கேட்டாள்.

"எண்ணாம ஒட்டுவேனாக்கா? ரெண்டு தரம் எண்ணறேன்."

"அப்புறம் எங்கடி போகுது? றெக்கை முளைச்சுப் பறக்குதா?"

தங்கச்சிக்கும் ஒன்றும் புரியவில்லை. விளையாடி முடித்ததும் தானேதான் எல்லாவற்றையும் எடுத்து உள்ளே வைக்கிறாள். பாப்பா தண்ணீர் குடிக்கப் போகிறபோது கை மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!

இந்த வியாபாரத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. ஒற்றைத் துண்டுக்கும் விலை இருக்கிறது. முயலைத் தொலைத்த வீட்டுக்காரன் முயலை மட்டும் தேடுவான், கேட்ட விலை கொடுப்பான். அதற்கென்றே உதிரிகளை மட்டும் விற்கிற கடைகள் இணையத்தில் உண்டு. ஒருநாள் செட்டக்கா அப்படி ஒரு கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே முயல். அதே ஆட்டம். வெள்ளைப் போர்வைமேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த போட்டோ. வெள்ளைப் போர்வை விரிக்காத வியாபாரி உலகத்திலேயே கிடையாது என்று அவளுக்கே தெரியும். ஆனால் சந்தேகம் ஒருதரம் உள்ளே நுழைந்துவிட்டால் மூளை வேலை செய்யுமா? பொம்மைகளை நாள் முழுக்கத் தொடுகிற ஆள் வீட்டில் ஒருத்திதான்.

தங்கச்சி அப்போது ஒரு கரடிப் பொம்மையின் காதைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் பையை எடு."

"எந்தப் பை?"

"வந்தப்போ கொண்டுவந்தியே, அந்தப் பை."

"எதுக்குக்கா?"

செட்டக்கா தானே போய்ப் பரணிலிருந்து இழுத்துத் தரையில் கவிழ்த்தாள். ஒரு சீப்பு, இரண்டு பழைய ரவிக்கை, தலைவலி மாத்திரை அட்டை, பல் முளைக்காத பாப்பாவின் போட்டோ. அவ்வளவுதான் விழுந்தது. அந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தால்கூட எல்லாம் சரியாகப் போயிருக்கும். ஆனால் சிலபேருக்கு வெட்கம் வந்தாலும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"எல்லாத்தையும் வித்து முடிச்சுட்டியா? எவ்வளவுடி கிடைச்சுது? உட்கார வெச்சுச் சோறு போட்டதுக்கு என் வயித்துலயே அடிச்சிட்டியேடி!"

"அக்கா, என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறியா? நான் எதுக்குக்கா..."

சொல்லிக்கொண்டே தங்கச்சி திரும்பினாள். வாசலில் பாப்பா நின்றிருந்தாள், புத்தகப் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல். முகத்தில் ரத்தமே இல்லை. சித்தி அவளையே பார்த்தாள். அக்காவின் கையைப் பார்த்தாள். மறுபடி பாப்பாவைப் பார்த்தாள். சொல்ல வந்ததை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"சரிக்கா" என்றாள். "நான்தான்னே வெச்சுக்கோ."

கீழே கிடந்ததை எல்லாம் பொறுக்கிப் பையில் போட்டாள். பாப்பாவின் தலையில் ஒரு தரம் கை வைத்தாள். போய்விட்டாள். கரடியின் காதில் ஊசி குத்தினபடியே இருந்தது.

"ஒத்துக்கிட்டா பாருங்க" என்று செட்டக்கா கூரியர்காரரிடம் சொன்னாள். "கூடப் பொறந்தவளே இப்படிப் பண்ணா யாரை நம்பறது?" கூரியர்காரர் நல்ல மனுஷன். பார்சலைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டார்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், தங்கச்சி போனதும் புகார்கள் சுத்தமாக நின்றுவிட்டன. ஒரு துண்டுகூடக் குறையவில்லை. கடைப் பக்கத்தில் நட்சத்திரங்கள் மறுபடி ஏறின. செட்டக்காவுக்கு இருந்த கொஞ்சநஞ்ச உறுத்தலும் போய்விட்டது. நான் நினைத்தது சரிதான் என்று தெம்பாக நடமாடினாள். வேலைதான் இரட்டிப்பாகிவிட்டது. வாங்குவது, எண்ணுவது, துடைப்பது எல்லாம் ஒருத்தியே. பாப்பா முன்பைவிட இன்னும் சுருங்கிவிட்டாள். புத்தகத்தை அந்த இடுக்கு வழியாகப் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டாள். இதெல்லாம் செட்டக்காவின் கண்ணில் படத்தான் செய்தது. வளர்கிற பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. வாந்தியெடுத்து, படுக்கையெல்லாம் நனைந்துபோனது. அந்த வீட்டில் பாப்பாவுக்குச் சொந்தம் என்று இருந்தது ஒரே ஒரு துணி யானை. ஒரு காதே இல்லாமல் வந்ததால் விற்கமுடியாமல் அவளிடமே தங்கிவிட்டது. அதுவும் நனைந்திருந்தது. செட்டக்கா போர்வையோடு சேர்த்து அதையும் வாஷிங் மெஷினில் போட்டாள், அவசரத்தில் தலையணை உறையில் போடாமல். மெஷின் கடகடவென்று அலறியது. கல்லை அள்ளிப் போட்டுச் சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம். பதறிப்போய் நிறுத்திக் கதவைத் திறந்தாள்.

யானையின் வயிற்றுத் தையல் விட்டிருந்தது. ஈரப் பஞ்சுக்கு நடுவே முயல். கப்பலின் கொடி. பகடைகள். டாக்டர் விளையாட்டின் காய்ச்சல் குச்சி. மரக்குதிரை. ஊறி உப்பிப்போன நிலாத் துண்டு. ஒவ்வொன்றும் எந்த டப்பாவுடையது என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. மெஷின் முன்னாலேயே சப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

எவ்வளவு நேரம் கழித்து எழுந்தாள் என்று தெரியாது. ஈரத் துண்டுகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு போய்ப் பாப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். பாப்பா அதைப் பார்த்ததும் சட்டென்று இரண்டு கையாலும் கன்னத்தை மூடிக்கொண்டாள்.

"அடிக்கல" என்றாள் செட்டக்கா. "அடிக்கல கண்ணு. ஏன் எடுத்தேன்னு மட்டும் சொல்லு."

பாப்பா கையை எடுக்காமலே சொன்னாள்: "குறைஞ்சா திரும்பி வந்துரும்மா. திரும்பி வந்தா நம்ம வீட்டுலயே இருக்கும்."

"அப்புறம் ஏன் நிறுத்திட்டே?"

"சித்தி இல்லையே. யாரோட விளையாட?"

செட்டக்கா அழுதாள். புருஷன் போனபோதுகூட அப்படி அழுததில்லை. அந்தக் காய்ச்சல்காரப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தது.

தங்கச்சி எங்கே இருக்கிறாள் என்று விசாரித்துக் கண்டுபிடிக்கவே பெரும்பாடாகிவிட்டது. ஓர் ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கிற பகுதியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காய்ச்சல் விட்டதும் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள் செட்டக்கா. கட்டிடத்துக்குப் பின்பக்கம் நீளமான கூடம், நீராவி, மலைமலையாக வெள்ளை விரிப்புகள். தங்கச்சி விரிப்புகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். பாப்பாவைப் பார்த்ததும் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டாள்.

"வாயாடி, மெதுவாப் பேசு. மேல நோயாளிங்க தூங்கறாங்க."

பாப்பா சிரிக்கவில்லை. சித்தியின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

செட்டக்கா சொல்ல வேண்டியதை எல்லாம் பஸ்ஸிலேயே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள். ஆனால் தங்கச்சியின் கையைப் பிடித்து, "தெரிஞ்சுபோச்சுடி" என்று மட்டும் சொன்னாள். "உனக்கு எப்பத் தெரியும்?"

"வாசல்ல நின்னா பாரு, அப்பவே. அவ மூஞ்சியைப் பார்த்தேன், தெரிஞ்சுபோச்சு."

"சொல்லியிருக்கலாம்ல!"

"உன் கோபத்துக்கு முன்னாடியா? நான் தாங்குவேன்க்கா. அது தாங்குமா?"

செட்டக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "வீட்டுக்கு வாடி. உன் கால்ல விழறேன். என்னை நாலு அறை வேணும்னாலும் அறை, ஆனா வந்துடு."

"கோபமெல்லாம் இல்லக்கா. இருந்தாத்தான் தேவலையே, ஒருநாள் தீர்ந்துபோகும்." தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் வந்தேன்னு வெச்சுக்கோ. எப்பவாவது ஒரு பகடை காணாமப் போகும். இந்தத் தொழில்ல போகாம இருக்குமா? அப்ப நீ என்னைப் பார்த்துடக்கூடாதுன்னு பாடுபட்டு வேற எங்கயாவது பார்ப்பே. அதைப் பார்த்துக்கிட்டு என்னால அந்த வீட்டுல இருக்க முடியாதுக்கா. ஞாயித்துக்கிழமை பாப்பாவை இங்க கூட்டிட்டு வா. நான் பார்த்துக்கறேன்."

செட்டக்கா மன்றாடினாள். அழுதாள். தங்கச்சியும் அழுதாள். ஆனால் வரவில்லை. மேற்பார்வைக்காரம்மா ரெண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதால் அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பாப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்:

"அம்மா, நான் அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருந்தா சித்தி போயிருக்க மாட்டா, இல்ல?"

நீ சொல்லியிருந்தாலும் சித்தி போயிருப்பாள் கண்ணு என்று சொல்லத்தான் செட்டக்கா வாயெடுத்தாள். ஆனால் இத்தனை நடந்ததுக்கு அப்புறம் அந்தப் பிள்ளையிடம் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"உன்னால சொல்லியிருக்க முடியாதுடி" என்றாள். "சொல்லியிருந்தா அன்னைக்கு நான் உன்னை அடிச்சிருப்பேன். நல்லா அடிச்சிருப்பேன். அதனாலதான் நீ பயந்தே. தப்பு என்மேலதான்."

பாப்பா இப்போதுதான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"பரவாயில்லம்மா" என்றாள். "அடி வாங்கியிருக்கலாம்."